நுவரெலியாவில் ஒரு புல்வெளி



சித்திரை பிறந்தால் நம் பகுதி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்போக நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஆனால் வெயில் மட்டும் ஓயாது. காலை ஒன்பது மணிக்கே ஓட்டுக் கூரை கொதிக்கும். மின்விசிறி சுழன்றாலும் அனல்காற்றுத்தான் வரும். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை வேறு. "எங்கேயாவது போவோம்" என்ற நச்சரிப்பு ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும். அந்த "எங்கேயாவது" பெரும்பாலும் நுவரெலியாவாகத்தான் முடியும்.

2025 சித்திரையில் நாங்களும் புறப்பட்டோம். நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான், என் கணவர், மூன்று பிள்ளைகள், எழுபதைத் தொடும் என் உம்மா. சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு சம்மாந்துறையிலிருந்து வேனில் கிளம்பினோம். அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை, பசறை, பதுளை என்று பாதை ஏற ஏறக் காற்றும் மாறிக்கொண்டே வந்தது. வெலிமடையைத் தாண்டி ஹக்கலையை அடைந்தபோது பிள்ளைகள் சுவெட்டரைத் தேடினார்கள். உம்மா தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இதுவும் நம்மட நாடுதானா மகள்?" என்று கேட்டார்.

நான் எழுத வந்தது ஹக்கலைப் பூந்தோட்டத்தைப் பற்றியோ கிரகரி வாவியைப் பற்றியோ அல்ல. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நுவரெலியா நகரின் நடுவே கிடக்கும் ஒரு புல்வெளியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அங்கே போன நம்மில் பலரும் அதைப் பார்த்திருப்போம். ஆனால் அது என்ன, ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்டிருக்கமாட்டோம்.

உம்மா கேட்ட கேள்வி

நகரின் மத்தியில், பெரிய ஹோட்டல்களுக்கும் பழைய பங்களாக்களுக்கும் இடையில், மேடும் பள்ளமுமாகப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஓர் இடம் இருக்கிறது. ஓரங்களில் வானத்தைத் தொடும் மரங்கள். அங்கங்கே சிறு கொடிகள். தெருக்கள் அதன் பக்கமாகவே போகின்றன. அதுதான் நுவரெலியா கோல்ப் மைதானம்.

வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தோம். உம்மா அந்தப் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். மூத்தவாப்பாவின் வட்டையில், வரம்பிலும் வாடியிலும் வளர்ந்தவர். ஒரு துண்டு பூமியைக் கண்டால் அதில் எத்தனை மூடை விளையும் என்று கணக்குப் போடாமல் அவரால் இருக்க முடியாது.

"இவ்வளவு பூமியும் சும்மாவா கிடக்கு? இதில என்ன வெளையுது மகள்?" என்றார்.

என் கணவர் சிரித்தபடி, "விளையாட்டுத்தான் விளையுது மாமி" என்றார்.

உம்மா சிரிக்கவில்லை. "அப்ப இது ஆருக்கு?" என்று கேட்டார்.

சகோதரிகளே, அந்தக் கேள்வி வீடு திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. படித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

துரைமார் கொண்டுவந்த விளையாட்டு

கோல்ப் ஸ்கொட்லாந்தில் வளர்ந்த விளையாட்டு. ஒரு தடியால் சிறு பந்தை அடித்து, தூரத்திலுள்ள குழிக்குள் விழுத்த வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். இதன் மீது அந்த மக்களுக்கு எவ்வளவு மோகம் தெரியுமா? ஆண்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள் என்பதற்காக 1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இதைத் தடை செய்தே பார்த்தது!

பதினெட்டுக் குழிகள் உள்ள மைதானத்துக்குச் சாதாரணமாக நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டும். புல் காயாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். களைக்கும் பூஞ்சணத்துக்கும் மருந்து வேண்டும். வெட்டிச் சீர்செய்ய ஆட்கள் வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் வசதி படைத்தவர்களின் கையிலேயே இருந்துவந்தது.

ஆறாயிரம் அடிக்கும் மேல் உயரத்திலுள்ள நுவரெலியாவைக் கொழும்பு வெயில் தாங்காத ஆங்கிலேயர் தங்கள் ஊரைப்போல ஆக்கிக்கொண்டார்கள். சாமுவேல் பேக்கர் என்பவர் 1848இல் இங்கே குடியேறி, ஆங்கில நாட்டு மாடுகளையும் மரக்கறி விதைகளையும் கொண்டுவந்தார். இன்று நம் சந்தைக்கு வரும் கரட், லீக்ஸ், கோவாவின் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1869இல் கோப்பியை ஓர் இலைநோய் தாக்கி அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் வாவி அமைக்கப்பட்டது. 1876இல் தோட்டத் துரைமாருக்கென்று ஹில் கிளப் தொடங்கியது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. 1889இல் கோல்ப் கழகம் உருவானது.

வெயில் காலத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் குடும்பங்களோடு மலையேறுவார்கள். குதிரைப் பந்தயம், விருந்து, கோல்ப் என்று சில வாரங்கள் களைகட்டும். மழை தொடங்கினால் ஊர் அடங்கிவிடும். இன்று நாம் "சீசன்" என்று சொல்லும் சித்திரைக் கொண்டாட்டம் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அந்த மைதானத்தை ஒட்டிப் பழைய மையவாடி ஒன்றும் இருக்கிறது. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி அங்கே அடக்கப்பட்டிருக்கிறார். ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். 1845இல் இடி விழுந்து இறந்தார். யானை வேலிக்குள் வந்துவிடுமோ என்று இராக்காவல் இருக்கும் நம் விவசாயிகளுக்குக்கூட இத்தனை யானைகளைக் கொல்ல மனம் வராது. உம்மாவிடம் இதைச் சொன்னபோது, "யா அல்லாஹ்!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

ஏறியும் இறங்கியும்

சீசனை நம்பியிருக்கும் ஊரின் வாழ்வு ஏறியும் இறங்கியும்தான் போகும். கோல்ப் மைதானமும் அப்படித்தான்.

நாடு சுதந்திரம் பெற்றபின் வெள்ளைக்காரத் துரைமார் மெல்ல மெல்லக் கப்பலேறினார்கள். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எந்தத் துரைமாருக்காக இந்தக் கழகங்கள் உண்டாக்கப்பட்டனவோ அவர்களே இல்லாமற் போனார்கள். உள்ளூர் அதிகாரிகளும் வர்த்தகர்களும் வழக்கறிஞர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். பின்பு 1983 முதல் 2009 வரை யுத்தம். வெளிநாட்டவரின் வருகை கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

2019 ஏப்ரல் 21ஐ நாம் யாரும் மறக்கமாட்டோம். உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. சீசன் நடுவிலேயே நின்றுபோனது. அந்த வாரங்களில் நம் பகுதிப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகவே அஞ்சினோம். சுற்றுலாவை யார் நினைத்தார்கள்? 2020 சித்திரையில் கொரோனா ஊரடங்கு. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அறைகளும் குதிரைகளும் படகுகளும் சும்மா கிடந்தன.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மலையகத் தமிழர். இளவயதில் கோல்ப் ஆட வருபவர்களின் தடிப்பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பதுதான் தன் தொழிலாக இருந்தது என்றார். "சீசன் நல்லா இருந்தா எங்க அடுப்பும் நல்லா எரியும் அம்மா. சீசன் இல்லாத மாசத்துல காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருவேன்" என்று சிரித்தார். "நீங்க ஆடுவீங்களா தம்பி?" என்று உம்மா கேட்டார். "பழைய தடி ஒண்ணை வச்சு லயத்துக்குப் பின்னால ஆடியிருக்கேன். துரைங்களைவிட நல்லாவே அடிப்பேன்" என்றார் அவர். எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

ஏற்ற இறக்கம் நம் நாட்டில் மட்டுமல்ல. ஜப்பானில் 1980களில் பணம் பெருகியபோது மலைகளை வெட்டி கோல்ப் மைதானங்கள் அமைத்தார்கள். பொருளாதாரம் சரிந்தபின் பல மைதானங்கள் ஆளில்லாமல் கிடந்தன. அவற்றுள் சிலவற்றில் இன்று சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடுகள் நிற்கின்றன. நம் நாட்டிலோ புதியவையும் வந்தன. 1990களின் இறுதியில் கண்டிக்கு அருகே திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தாற்போல ஒன்று. 2016இல் அம்பாந்தோட்டைக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலோடு சேர்ந்து இன்னொன்று. ஆடுபவர்கள் மாறுகிறார்கள், வருமானம் மாறுகிறது. நிலம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உம்மாவின் கேள்வி முக்கியமாகிறது: அந்த நிலம் யாருக்கு?

இரண்டு நிலங்களின் கதை

இந்தக் கேள்விக்கு நம் தலைநகரிலேயே இரண்டு விதமான விடைகள் இருக்கின்றன.

முதலாவது காலிமுகத்திடல். கொழும்புக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டம் விடவும் இறால் வடை தின்னவும் நாம் எல்லோரும் போகும் இடம். கொழும்பு கோல்ப் கழகத்தின் ஆட்டம் தொடக்க காலத்தில் நடந்தது அங்கேதான் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1879இல் தொடங்கிய அந்தக் கழகம் 1896இல் பொரளைப் பக்கம் இப்போதுள்ள இடத்துக்குப் போய்விட்டது. அந்த மைதானத்தின் ஊடாகத்தான் இன்றும் களனிவெளி ரயில் ஓடுகிறது! கோல்ப் போனபின் காலிமுகத்திடல் எல்லோருக்கும் உரியதாக நிலைத்தது. 2022இல் நாடே பசியோடு நின்றபோது மக்கள் கூடிக் குரல் கொடுத்ததும் அங்கேதான்.

இதைவிட நம் மனதைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. அங்கே கடலோரமாக நடைபாதை அமைத்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். 1859இல் வேலை முடிந்ததும் ஒரு கல்லைப் பதித்தார். கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு அதில் எழுதிவைத்தார். பெண்கள் நடக்கவென்று ஓர் இடம் வேண்டும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆட்சியாளருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

இரண்டாவது, பத்தரமுல்லையில் "வோட்டர்ஸ் எட்ஜ்" இருக்கும் நிலம். வெள்ளநீர் தங்கும் தாழ்நிலம் அது. பொதுத் தேவைக்கென்று 1980களில் மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்டது. பின்னர் கோல்ப் மைதானம் அமைக்க ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. பொதுமக்கள் இருவர் உயர் நீதிமன்றம் போனார்கள். பொதுத் தேவைக்காக எடுத்த நிலத்தைத் தனியாரின் இலாபத்துக்குக் கொடுத்தது மக்களின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் என்று 2008 அக்டோபர் 8இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் அரசின் கைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முன்னாள் ஜனாதிபதிக்கே முப்பது இலட்சம் ரூபாய் செலுத்தும்படி உத்தரவானது.

ஒரு நிலம் கோல்ப்பிடமிருந்து மக்களுக்கு வந்தது. இன்னொன்று மக்களிடமிருந்து கோல்ப்புக்குப் போய், மக்கள் கேட்டதால் திரும்பி வந்தது.

நம் அம்பாறைக் கரைக்கும் இதில் பாடம் இருக்கிறது. பொத்துவில் அறுகம்பையில் சித்திரைக்குப் பின் சில மாதங்கள் அலைச்சறுக்கு ஆட வெளிநாட்டவர் குவிகிறார்கள். நுவரெலியாவைப் போலவே அதுவும் சீசன் ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு அதைப் பெரிய உல்லாசப் பயண நகராக்கத் திட்டம் வரைந்தபோது, தங்கள் கரையை இழந்துவிடுவோமோ என்று மீனவக் குடும்பங்கள் அஞ்சின. உல்லாசப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் எந்த வேலி எழும்பும்போதும், "இது ஆருக்கு?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நடக்க ஓர் இடம்

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

உம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். தினமும் அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. "எங்கே நடப்பது?" என்பது உம்மாவின் பதில். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. மைதானம் பொடியன்மாரின் கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும். சின்ன வயதில் ஓடித் திரிந்த வரம்புகளுக்கு இப்போது தனியாகப் போக முடியாது. "பொம்பிளை ஆள் காரணமில்லாமல் நடந்து திரிஞ்சா சனம் என்ன சொல்லும்?" என்பது இன்னொரு தடை. ஆகவே முற்றத்தில், கிணற்றடியிலிருந்து படலை வரை, பத்துத் தரம் போய் வருவார். அவ்வளவுதான் நடை.

கோல்ப் ஆடுபவர் பதினெட்டுக் குழிகளையும் முடிக்க ஆறு, ஏழு கிலோ மீற்றர் நடக்க வேண்டுமாம்! வயதானவர்களும் ஆடக்கூடிய விளையாட்டு என்று அதைச் சொல்வதன் காரணம் இந்த நடைதான். அங்கேகூடப் பெண்களுக்குக் கதவு எளிதாகத் திறக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் 1754இல் தொடங்கிய புகழ்பெற்ற சென் அன்றூஸ் கழகம், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014இல்தான் முடிவெடுத்தது. இருநூற்று அறுபது வருடங்கள்!

நுவரெலியாவில் நாங்கள் தங்கிய இரண்டு நாளும் உம்மா நடந்தார். மைதானத்தின் ஓரத் தெருவில், விக்டோரியா பூங்காவில், வாவிக் கரையில். முதல் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டாம் நாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே போய்விட்டார். யாரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு நாளில் அவர் முகத்தில் கண்ட தெளிவை நான் ஊரில் பல காலமாகக் கண்டதில்லை. வேனில் ஏறும்போது, "புல்லு நமக்கில்லாட்டியும் நடக்கிற பாதையாவது நமக்குக் கிடைச்சுது மகள்" என்றார்.

குளிரைத் தேடி நுவரெலியாவுக்குப் போனோம் என்று நினைத்திருந்தேன். உம்மா போனது நடப்பதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

ஊர் திரும்பிய பின்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதை நீங்கள் அறிவீர்கள். மண்சரிவில் உயிர்களும் வீடுகளும் போயின. நாங்கள் போய் வந்த பாதைகளும் அதில் தப்பவில்லை. செய்தியைக் கேட்டதும் உம்மா முதலில் விசாரித்தது தேநீர்க் கடையில் கண்ட அந்தப் பெரியவரைத்தான். அவருடைய ஊரோ பேரோ எங்களுக்குத் தெரியாது. துஆச் செய்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

சம்மாந்துறை என்ற பெயர், சம்பான் ஓடங்கள் வந்து தங்கிய துறை என்பதால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். துறை என்றால் வந்து போகும் இடம். அப்படிப்பட்ட ஊரில் பெண்கள் வந்து போக, அரை மணித்தியாலம் மூச்சாற நடக்க, ஓர் இடம் இருக்கக் கூடாதா? நூறு ஏக்கர் புல்வெளியை நாம் கேட்கவில்லை. ஒரு வாய்க்கால் ஓரம், ஒரு குளக்கட்டு, பாடசாலை விட்டபின் பூட்டிக் கிடக்கும் ஒரு மைதானம். காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும் பெண்களுக்கென்று ஒதுக்கினால் போதும். இரண்டு வாங்கு, ஒரு விளக்கு, நிழலுக்கு நாலு வேப்பமரம். பிரதேச சபைக்கு இது பெரிய செலவா?

சகோதரிகளே, நம் வாப்பாமார், காக்காமார், கணவன்மார் பள்ளிவாசல் நிருவாகத்திலும் சபைகளிலும் சங்கங்களிலும் இருக்கிறார்கள். சாப்பாடு பரிமாறும்போது இந்தப் பேச்சை எடுங்கள். சீனி வருத்தத்தாலும் பிரசரினாலும் எத்தனை பெண்கள் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது எங்கள் தெருவில் சுபஹுக்குப் பிறகு ஐந்து பேர் சேர்ந்து நடக்கிறோம். உம்மா, பக்கத்து வீட்டு மாமி, இரண்டு மச்சிமார், நான். வெளிச்சம் வரும் நேரத்தில் வட்டைப் பக்கமாகப் போய், வாய்க்கால் மதகு வரை சென்று திரும்புவோம். முதல் வாரம் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம், "நாளைக்கு என்னையும் கூப்பிடுங்க ராத்தா" என்று ஒரு சகோதரி படலையடியில் நின்று சொன்னார்.

நேற்றுக் காலை மதகில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, விதைத்து முளைத்து வந்த பயிரை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "நுவரெலியாப் புல்லைவிட இது பச்சை" என்றார். பிறகு எழுந்து எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.